செயற்கைக்கோளைச் சோதிக்கவும் அனுமதி வேண்டும். அந்த மனுவை நாமும் படிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் அன்பர் ஒருவர் ஆதங்கத்தோடு எழுதியிருந்தார். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம்முடைய ராக்கெட்டில் மேலே போன செயற்கைக்கோள். அதைச் சோதித்துப் பார்க்க அமெரிக்காவில் மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டுமாமே, ஆகாயத்திலுமா தாசில்தார் ஆபீஸ் என்று கேட்டிருந்தார். படித்துவிட்டுச் சிரித்தேன். பட்டா மாறுதலுக்கு நடையாய் நடந்தவர்கள் எல்லோருமே சிரித்திருப்பார்கள். ஆனால் அவருடைய கேள்விக்குப் பதில் இருக்கிறது. அந்தப் பதிலைத் தொடர்ந்து போனால், நம் அரசிடம் கேட்க வேண்டிய வேறொரு கேள்வியும் வருகிறது. சர்வீஸ் முழுவதையும் எர்த் ஸ்டேஷன்களில், அதாவது செயற்கைக்கோளோடு பேசும் தரைநிலையங்களில், கழித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. வெட்டுவதானால் ராக்கெட்டைப் பற்றிய பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். அதை உங்கள் நிருபர்களே நன்றாக எழுதிவிட்டார்கள்.

2025 டிசம்பர் 24 காலை 8.55 மணி வாக்கில் எல்.வி.எம்.3-எம்6 ராக்கெட் கொண்டுபோனது ‘புளூபேர்ட் பிளாக்-2’ என்ற செயற்கைக்கோளை. டெக்சாஸைச் சேர்ந்த ஏ.எஸ்.டி. ஸ்பேஸ்மொபைல் நிறுவனத்துடையது. எடை 6,100 கிலோ. இந்திய மண்ணிலிருந்து எல்.வி.எம்.3 தூக்கியதிலேயே இதுதான் கனமானது. விரித்தால் அதன் ஆன்டெனா 223 சதுர மீட்டர். சென்னைக்காரர்கள் ஒரு கிரவுண்டு என்பார்கள். எங்கள் குமரி மாவட்டக் கணக்கில் ஐந்தரை சென்ட். இவ்வளவு பெரிதாக எதற்கு என்றால், கீழே டிஷ்ஷும் கிடையாது, தனிப் பெட்டியும் கிடையாது. சட்டைப்பையில் கிடக்கும் சாதாரண போன் விடும் துளி சக்தியை 500 கிலோமீட்டருக்கு மேலே இருந்து அது பிடித்தாக வேண்டும்.

விட்டது நாம், அனுமதி அவர்களுடையதா? ஆமாம், அப்படித்தான். 2024 நவம்பரில் நம் ஜிசாட்-என்2 செயற்கைக்கோள் அமெரிக்காவின் கேப் கனாவெரலிலிருந்து பால்கன்-9 ராக்கெட்டில் போனது. 4,700 கிலோ, அந்த எடையை அதன் சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோகும் ராக்கெட் அப்போது நம்மிடம் இல்லை. மேலே போன பிறகு அதைச் சோதிக்கும் உரிமை நம்முடையது. ராக்கெட்காரரிடம் போய் நிற்க வேண்டியதில்லை. ராக்கெட் யாருடையது என்பதை வைத்து ரேடியோ அனுமதி வருவதில்லை. கோளை நடத்துகிற நிறுவனம் எந்த நாட்டுடையது, எந்த நாட்டுத் தரையில் இருக்கும் கருவியோடு அது பேசப்போகிறது என்ற இரண்டையும் பார்த்துத்தான் வருகிறது. அமெரிக்கக் கம்பெனி, அமெரிக்காவிலுள்ள போன்கள், அமெரிக்க செல்போன் நிறுவனங்களின் அலைவரிசை என்றால் எஃப்.சி.சி. என்கிற அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தைத்தான் கேட்க வேண்டும்.

இது வரையில் அன்பர் ஒப்புக்கொள்வார் என்றே நினைக்கிறேன். அவருடைய உண்மையான வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. சேவையே இன்னும் தொடங்கவில்லை, வெறும் சோதனைக்குமா இத்தனை நடைமுறை என்கிறார்.

எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவுக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிறவர்களைக் கவனித்திருந்தால் இது புரியும். கச்சேரியைவிட முந்தைய நாள் மைக் டெஸ்டிங்தான் தெருவை எழுப்பும். செயற்கைக்கோள் விஷயமும் அதேதான். டிரான்ஸ்பாண்டர் என்பது, வாங்கிய சிக்னலைப் பெருக்கித் திருப்பி அனுப்பும் கோளின் கருவி. அது தன் வாழ்நாளில் எழுப்பும் மிகப் பெரிய சத்தம், பெரும்பாலும் சோதனைக் காலத்தில்தான்.

காரணம் இது. அன்றாடச் சேவையில் ஒரு சேனலின் படமும் ஒலியும் ஏறிய சிக்னல், தனக்கு ஒதுக்கிய அகலம் முழுவதும் பரவி நிற்கும். சோதனையில் அப்படியில்லை. செய்தியைச் சுமக்கும் ரேடியோ அலைக்குக் கேரியர் என்று பெயர்; எந்தச் செய்தியும் ஏறாத சுத்தக் கேரியரை மேலே அனுப்புவோம். எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தி என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் திரையில் அது ஒற்றைக் கோடாக எழும்பி நிற்கும். சக்தி முழுவதும் அந்த ஒரே புள்ளியில். பிறகு அந்தச் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவோம். கோளின் ஆம்ப்ளிஃபையர் இனி ஏறாது என்று நிறைந்து நிற்கிற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்காமல் அதன் திறன் இவ்வளவு என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது. அந்த வேளையில், அதே அலைவரிசையில் பக்கத்துக் கோளைப் பார்த்துக்கொண்டிருக்கும் டிஷ்களின் ஓரத்திலும் இது கசியும்.

இன்னொரு சோதனையைச் சொன்னால் அன்பருக்கே கொஞ்சம் பயம் வரும். கோளின் ஆன்டெனா பூமியில் எந்தப் பகுதியில் எவ்வளவு பலமாக விழுகிறது என்று வரைபடம் போட வேண்டும். கர்நாடகத்தில் ஹாசனிலுள்ள இஸ்ரோ கட்டுப்பாட்டு நிலையத்தின் டிஷ்ஷைத் தூக்கிக்கொண்டு நாடு முழுக்க அலைய முடியாது. ஆகவே கோளையே மேலே சிறிது சிறிதாகச் சாய்ப்பார்கள். அதன் கதிர்க்கற்றை ஹாசன் மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நகரும்; கீழே நிற்பவர்கள் ஒவ்வொரு புள்ளியிலும் அளந்துகொள்வார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு பக்கம் ஹாசன் மேல் நகரும்போது கற்றையின் மறுபக்கம் கடலுக்கும் பக்கத்து நாட்டுக்கும் போகும். வாழ்நாள் முழுவதும் அந்தக் கோள் எட்டிப் பார்க்கவே கூடாத இடங்களை அந்தச் சில மணி நேரம் பார்க்கும். அதற்கு முன்கூட்டியே யாரையாவது கேட்க வேண்டாமா?

தரையில் இருக்கும் எங்களுக்கே அந்தக் கட்டுப்பாடு உண்டு. புதிதாக ஒரு டிஷ் வைத்தால், லைசென்ஸ் கையில் இருந்தாலும், நினைத்த நேரத்தில் கேரியரை மேலே ஏற்றிவிட முடியாது. கட்டுப்பாட்டு மையத்தை போனில் பிடிக்க வேண்டும். ஒரு காதில் ரிசீவர், ஒரு கை பவர் குமிழின் மேல். அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்: “சார், கால் டிபி ஏத்துங்க... இன்னும் கொஞ்சம்... போதும், அங்கேயே நிறுத்துங்க. கிராஸ்-போல் பார்க்கிறேன்.” ஒரே அலைவரிசையில் அலையைச் செங்குத்தாக ஒருவரும் கிடையாக ஒருவருமாக அனுப்பி இரண்டு பேர் பிழைப்பு நடத்துகிற இடம் அது; இந்தத் திசைக்குப் போலரைசேஷன் என்று பெயர். நம் டிஷ்ஷின் ஃபீட், அதாவது அலையை டிஷ்ஷுக்குள் ஊதும் முனை, சற்றே கோணியிருந்தாலும் நம் சத்தம் மறுபாதிக்குள் ஒழுகும். “சார், ஃபீடைத் துளி வலது பக்கம் திருப்பச் சொல்லுங்க” என்பார். மேலே ஏணியில் ஒருவர், கீழே நான், டில்லியில் அவர். மூவரும் சேர்ந்து ஒழுகலை ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே கொண்டுவந்த பிறகுதான் “ஓகே சார், கண்டினியூ” என்பார். அந்த வார்த்தை வருவதற்குள் வெயிலில் ஏணிமேல் நிற்பவர் எங்கள் இருவரையும் மனதுக்குள் திட்டி முடித்திருப்பார்.

இந்தச் சடங்கெல்லாம் வேண்டாம் என்று நினைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் நேரலை வேன் அவசரத்தில் யாரிடமும் சொல்லாமல் கேரியரைத் தூக்கிவிட்டது. அதுவும் தப்பான போலரைசேஷனில். வேறொரு சேனலில் ஓடிக்கொண்டிருந்த நிகழ்ச்சி கட்டம் கட்டமாகச் சிதறியது. எங்கள் கட்டுப்பாட்டு அறை போன் ஓயவில்லை. யார் செய்தது என்று கண்டுபிடிப்பதற்குள் நிகழ்ச்சியே முடிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கக்கூட அந்த வேன்காரர்கள் கூப்பிடவில்லை. ஒரு வேனின் சின்ன டிஷ்ஷுக்கே இந்த நிலை.

அனுமதி மறுக்கப்பட்டும் போனவர்கள் கதையும் ஒன்று உண்டு. அதுவும் ஸ்ரீஹரிகோட்டாவில்தான் நடந்தது. 2018 ஜனவரி 12-ல் பி.எஸ்.எல்.வி.-சி40 ராக்கெட்டில் போன 31 கோள்களில் ‘ஸ்பேஸ்பீ’ என்று நான்கு இருந்தன. அமெரிக்காவின் ஸ்வார்ம் டெக்னாலஜீஸ் என்ற புது நிறுவனத்துடையவை. 10 சென்டிமீட்டர் சதுரம், 3 சென்டிமீட்டருக்கும் குறைவான கனம். ஏவுவதற்கு முந்தைய மாதமே எஃப்.சி.சி. விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டது. இவ்வளவு சிறிய பொருளைத் தரையிலுள்ள ரேடார்கள் நம்பகமாகப் பின்தொடர முடியாது, மற்ற கோள்களோடு மோதும் அபாயத்தைக் கணிக்க முடியாது என்பது காரணம். ஆனால் கோள்கள் அதற்குள் இந்தியாவுக்கு வந்து ராக்கெட்டில் இடம் பிடித்துவிட்டன. போயும் விட்டன. விஷயம் மார்ச்சில் வெளியே வந்தது. ஆண்டு முடிவில் அந்த நிறுவனம் 9 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

இதில் நம் பங்கை யாரும் பெரிதாகப் பேசவில்லை. 1972-ம் ஆண்டு உடன்படிக்கையின்படி, விண்ணில் போன பொருளால் யாருக்காவது சேதம் வந்தால், அதை அனுப்பச் செய்த நாடு மட்டுமல்ல, யாருடைய மண்ணிலிருந்து அது கிளம்பியதோ அந்த நாடும் பொறுப்பு. ஆக, அந்தக் கம்பெனியின் அவசரத்துக்கு நாமும் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். கையில் அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் ராக்கெட்டில் ஏற்ற வேண்டும் என்பது நம் நலனுக்காகவும்தான்.

இனி அந்த அமெரிக்க மனு எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். அன்பர் கிண்டல் செய்த தாசில்தார் ஆபீஸுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

அதன் பெயர் சிறப்புத் தற்காலிக அனுமதி. முழு உரிமம் வருவதற்கு முன்போ, உரிமத்தில் சொல்லாத ஒன்றைச் செய்வதற்கோ, கொஞ்ச காலத்துக்கு மட்டும் கேட்பது. குறைந்தது 3 வேலை நாள் முன்னதாக மனு போய்ச் சேர வேண்டும். பொது அறிவிப்பு இல்லாமல் கொடுத்தால் 30 நாள். முழு உரிமத்துக்கும் விண்ணப்பிக்கப்போகிறவர் என்றால் 60 நாள் வரை. பொது அறிவிப்புப் போட்டு, ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று ஊரைக் கேட்ட பிறகு என்றால் 180 நாள் வரை கொடுக்கலாம். அதாவது எவ்வளவு நாள் வேண்டுமோ அவ்வளவுக்கு வெளிச்சத்தில் நிற்க வேண்டும். இந்தப் படிக்கட்டு எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த விதியில் இன்னொன்றும் இருக்கிறது: விற்பனைக்கு வசதி, வாடிக்கையாளருக்கு இந்தத் தேதியில் தொடங்குவதாக வாக்குக் கொடுத்துவிட்டோம் என்பதெல்லாம் போதிய காரணம் ஆகாது. நம் ஊரில் எத்தனை அலுவலகக் கதவுகளில் இதை எழுதி ஒட்டலாம்!

கொடுக்கும்போது போடும் நிபந்தனைகளும் வழக்கமானவைதான். உன்னால் யாருக்கும் இடையூறு வரக்கூடாது. உனக்கு யாரால் இடையூறு வந்தாலும் புகார் சொல்ல முடியாது. நிறுத்து என்றால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். இரவு பகல் எந்நேரமும் எடுக்கிற ஒரு போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் எல்லாவற்றிலும் பெரிது என்பேன். 2010 ஏப்ரலில் இன்டெல்சாட் நிறுவனத்தின் கேலக்ஸி-15 கோள் தரையிலிருந்து போகும் கட்டளை எதையும் கேட்காமல் போனது. ஆனால் டிரான்ஸ்பாண்டர்கள் அணையவில்லை. வாங்கிய சிக்னலையெல்லாம் திருப்பிக் கத்திக்கொண்டே, மற்றவர்களின் இடங்கள் வழியாக மிதந்து போனது. பக்கத்து இடங்களிலிருந்த கோள்காரர்கள் தங்கள் சேவையைக் காப்பாற்றக் கோளை நகர்த்தியும் சிக்னலைப் பெரிய டிஷ்களுக்கு மாற்றியும் பட்ட பாடு எங்கள் வட்டாரத்தில் ரொம்ப நாள் பேச்சாக இருந்தது. பேட்டரி தீர்ந்து தானாக அணைந்து மீண்டும் வழிக்கு வர டிசம்பர் ஆயிற்று. கோளை ஏற்றத் தெரிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. அணைக்கத் தெரிகிறதா என்றுதான் கேட்கிறார்கள்.

அதற்காக எஃப்.சி.சி. செய்வதெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. இதே ஏ.எஸ்.டி. நிறுவனம் 2024 செப்டம்பர் 12-ல் முதல் ஐந்து புளூபேர்டுகளை அனுப்பியது. அக்டோபர் முடிவதற்குள் ஐந்தும் ஆன்டெனாவை விரித்துவிட்டன. அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி., வெரைசான் வாடிக்கையாளர்களின் சாதாரண போன்களோடு அவற்றைச் சோதிக்கத் தற்காலிக அனுமதி வந்தது 2025 ஜனவரி கடைசியில். தாமதம் முழுவதையும் ஆணையத்தின் கணக்கில் எழுதிவிட முடியாதுதான். ஆனாலும் தாழ்வான சுற்றுப்பாதையில் ஓடும் கோளின் ஆயுள் எண்ணிச் சில வருஷங்கள். சோதனைக்கு மட்டும் என்று கேட்பவருக்கு உண்டு, இல்லை என்ற பதிலைச் சில வாரத்தில் சொல்லிவிடுவதே முறை.

ஆனால் அந்த மனுக்களை நான் நாகர்கோவிலில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிக்க முடிகிறது. எந்த அலைவரிசை, எவ்வளவு சக்தி, எத்தனை நாள், யார் எதிர்த்தார்கள், அதற்கு நிறுவனம் என்ன பதில் சொன்னது, எல்லாம் இருக்கிறது. 2025-ல் இந்த நிறுவனம் தன் கோள்களுக்குக் கட்டளை அனுப்ப 430 முதல் 440 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைக் கேட்டபோது, உலகத்திலுள்ள ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்கிற உரிமம் பெற்றவர்கள், எழுதிக் குவித்துவிட்டார்கள். அது ஹாம்கள் புழங்குகிற இடம். நம் இஸ்ரோ 2005-ல் பி.எஸ்.எல்.வி.-சி6-ல் அனுப்பிய ஹாம்சாட் கோளும் கீழிருந்து வரும் சிக்னலை 435 மெகாஹெர்ட்ஸ் அருகில்தான் கேட்டு, 2014 வரை உழைத்தது. சுனாமியின்போது அந்தமானிலிருந்து செய்தி கொடுத்தவர்களில் ஹாம்களும் உண்டு. அவர்கள் சொன்னது முழுவதும் சரியா என்பது வேறு விஷயம். அவசரத்துக்கு மட்டும், குறிப்பிட்ட தரைநிலையங்களிலிருந்து மட்டும் பயன்படுத்துவோம் என்ற நிறுவனத்தின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆட்சேபிக்க முடிந்ததே, மனு பொதுவில் இருந்ததால்தானே?

இப்போது நம் கதைக்கு வருகிறேன்.

நேராக போனுக்கு வரும் கோள் வேண்டாம் என்று சொல்கிற ஆள் நானில்லை. 2017 ஒக்கிப் புயலில் எங்கள் மாவட்டம் பட்டது போதும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்கள் லட்சத்தீவையும் தாண்டிப் போய் நாள்கணக்கில் தங்கி மீன் பிடிப்பவர்கள். கரையிலிருந்து சிறிது தூரம் போனதும் செல்போன் செத்துவிடும். படகிலுள்ள வி.எச்.எஃப். வயர்லெஸ் கண்ணுக்கெட்டுகிற தூரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். புயல் வருகிற செய்தி அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகு விசைப்படகுகளில் கோள் வழியாகச் செய்தி வாங்கி அனுப்பும் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் கருவி வந்திருக்கிறது, நல்லது. ஆனால் ஒவ்வொரு மீனவரின் சட்டைப்பையிலுள்ள போனும் நடுக்கடலில் பேசினால் அதைவிட என்ன வேண்டும்? சீக்கிரம் வரட்டும் என்று என்னைவிட அவசரப்படுகிறவர் யாரும் இருக்க முடியாது.

அதனால்தான் கேட்கிறேன். புளூபேர்ட் போன்ற கோள் அமெரிக்காவின் மேல் மட்டும் நிற்பதில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை உலகைச் சுற்றுகிறது. தினமும் நம் தலைக்கு மேலும் போகிறது. அங்கே ஏ.டி. அண்ட் டி.யும் வெரைசானும் கொடுக்கிற 850 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, இங்கே பெரும்பாலும் ஜியோவின் கையில் இருக்கிறது. நம் எல்லைக்குள் வருவதற்கு முன் கற்றையை அணைத்துவிட வேண்டும். அணைக்கிறார்கள் என்றே நம்புகிறேன். பார்த்துச் சொல்ல மகாராஷ்டிரத்தில் ஜால்னாவில் நமக்குச் செயற்கைக்கோள் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. அந்த நிலையம் என்ன பார்த்தது என்று ஒரு வரிகூட நாம் படித்ததில்லை.

ஊட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முத்தோரையில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி 1970-லிருந்து நிற்கிறது. அந்தச் சரிவு ஏறத்தாழ 11 டிகிரி. ஊட்டியின் அட்சரேகையும் அதேதான். அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் சுழற்றியே வானத்தைப் பின்தொடரலாம். கோவிந்த் ஸ்வரூப்பும் அவரது குழுவினரும் தேடித் தேடிப் பிடித்த மலை அது. அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸில். அங்கே வந்து விழும் வானத்துச் சிக்னல்களோடு ஒப்பிட்டால் நம் கைபேசி இடி முழக்கம். தலைக்கு மேலே ஒரு புதுக் கோள் முதல் முறையாக முழுச் சக்தியில் கத்தப்போகிறது என்றால், எந்த நேரம், எந்த அலைவரிசை என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டாமா? அமெரிக்காவில் ரேடியோ வானியல் நிலையங்களோடு பேசி ஒத்துக்கொண்டு வா என்று நிபந்தனை போடுகிறார்கள்.

நம் நாட்டில் தனியார் விண்வெளிப் பணிகளை ஒழுங்குபடுத்தும் இன்-ஸ்பேஸ் அமைப்பு 2020-ல் வந்தது. கோளுக்கு அங்கீகாரம் கொடுப்பது அது. அலைவரிசை ஒதுக்குவது தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு. யாருக்கு அங்கீகாரம் கொடுத்தோம் என்ற பட்டியலை இன்-ஸ்பேஸ் வெளியிடுகிறது, பாராட்ட வேண்டும். ஆனால் கேட்டது என்ன, யாரிடம் கருத்துக் கேட்டார்கள், என்ன நிபந்தனையில் கொடுத்தார்கள் என்பதை அந்தப் பட்டியலிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு கலந்தாய்வு அறிக்கை விட்டால் ஏர்டெல் சொன்னது, ஜியோ சொன்னது, அதற்கு எதிர்ப்பதில், தனிமனிதர் எழுதியது எல்லாவற்றையும் தன் தளத்தில் போடுகிறது. வானம் இடிந்து விழவில்லை. கொள்கைக்குச் செய்வதை ஒவ்வொரு மனுவுக்கும் செய்தால் என்ன? ராணுவத்துக்கான கோள்களை நான் கேட்கவில்லை. டி.வி.க்கும் இன்டர்நெட்டுக்கும் போனுக்கும் போகிற வணிகக் கோள்களைத்தான் சொல்கிறேன். தொழில் ரகசியம் என்று நிறுவனங்கள் சொல்லும். அலைவரிசையும் சக்தியும் ரகசியமாக இருக்க முடியாது. அனலைசர் வைத்திருக்கிற எவனும் அளந்துவிடுவான்.

சோதனை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, ஒரே பக்கத்தில், தமிழிலும் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரு அறிவிப்பு வந்தால் போதும். அதைப் படித்து ஆட்சேபிக்க ஊட்டியிலும், ஹாம்களிடையிலும், கோளிலிருந்து சேனல்களை வாங்கிக் கேபிளில் விடும் கேபிள் டி.வி. ஹெட்எண்ட் நடத்துகிறவர்களிடையிலும் ஆள் இருக்கிறது. ஆட்சேபம் வராவிட்டால் அனுமதியைக் குறித்த நாளில் கொடுத்துவிட வேண்டும். கோப்பை வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தகவல்தொடர்புக் கோள் போகும்போது ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் உங்கள் நிருபர், எத்தனை டன், எவ்வளவு உயரம் என்பதை விட்டுவிடட்டும். அது கையில் கொடுக்கும் குறிப்பிலேயே இருக்கும். சோதனையை எங்கே நிறுத்தி வைத்து நடத்தப்போகிறீர்கள், எத்தனை நாள், அந்த நாள்களில் கற்றை எந்தெந்த நாட்டின் மேல் விழும், இடையூறு வந்தால் எந்த நம்பருக்கு போன் செய்ய வேண்டும் என்று கேட்டு, வரும் பதிலை அப்படியே அச்சிடுங்கள். பதில் சொல்ல மறுத்தால் அதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எர்த் ஸ்டேஷன் பொறியாளர்,
நாகர்கோவில்.